படத்துக்குப் போடுகிற கால்

அனுபவப் பகிர்வு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரை எங்கேயாவது கண்டால் எனக்குக் கேட்பதற்குச் சில கேள்விகள் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரத்து ஹோட்டல் மண்டபம் ஒன்றில், காலை எட்டரையிலிருந்து நாங்கள் அனுபவம் பகிர்ந்தோம். நாங்கள் என்றால் வன்னியில் இளைஞர்களோடு வேலை செய்கிற பதினெட்டு நிறுவனங்களின் ஆட்கள். ஒரு நிறுவனத்தில் இருப்பவருக்கு மற்ற நிறுவனத்தவரைத் தெரியவேண்டும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியவேண்டும் என்று கூட்டியிருந்தார்கள். நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை.

நான் யதுர்ஷிகா. விசுவமடுவில் ஒரு சின்ன நிறுவனத்தில் இளைஞர் இணைப்பாளராக ஏழு வருடம். இந்த ஏழு வருடத்தில் இப்படி எத்தனை கூட்டத்துக்குப் போயிருக்கிறேன் என்று யாராவது கேட்டால் வீட்டில் கிடக்கிற துணிப்பைகளை எண்ணித்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பை தருவார்கள். எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் எல்லாம் இளைஞர் எழுச்சி பற்றிய பைகளில்தான் தொங்குகின்றன.

அன்றைக்கு நான் பைக்காகப் போகவில்லை. ஒரு கையெழுத்துக்காகப் போனேன்.

கையெழுத்து டிலுசாவுக்கு. டிலுசா முல்லைத்தீவுக் கரையோரத்துப் பிள்ளை, இருபத்தொரு வயது. தகப்பன் இல்லை. தாய் சூசையம்மா கருவாடு போட்டு விற்கிறார். இரண்டாயிரத்து ஒன்பதில், ஐந்து வயதில், டிலுசாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வளர வளர மூன்று பொய்க்கால் மாற்றினாள். கடைசியாக ஒன்று கிடைத்தது பதினாறு வயதில். அது இப்போது அவளுக்குப் பொருந்தாது. அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு நின்றால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். வீட்டில் ஊன்றுகோலோடுதான் நடமாடுகிறாள்.

வவுனியாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் மருந்தக உதவியாளர் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிற ஒன்றாம் திகதி தொடங்குகிறது. நாள் முழுக்க நின்றபடி வேலை, இரண்டு கையும் வேண்டும், வகுப்பு மூன்றாம் மாடியில். ஊன்றுகோலோடு சரிவராது, காலோடு வந்தால் சேர்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் குழு ஒன்று கிளிநொச்சிக்கு வந்து, அளவெடுத்துப் பத்து நாளில் புதுக்கால் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. பதிவு அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணியோடு முடிவு. பதிவுப் படிவத்தில் பொறுப்பேற்கிறவரின் கையெழுத்து வேண்டும். அளவெடுக்கிற அன்றும் பொருத்துகிற அன்றும் கூட வந்து, பிறகு ஆறு மாதம் பிள்ளையைக் கவனித்துக்கொள்வதாக ஒரு உறுதி. அவ்வளவுதான்.

அந்தப் படிவம் மூன்று கிழமையாக என் கைப்பைக்குள் கிடந்தது. “தாரும், நிறுவனம் ஒண்டு பொறுப்பெடுக்கவேணும், நான் பாக்கிறன்” என்று டிலுசாவிடம் வாங்கி வைத்தது நான்தான். எங்கள் பணிப்பாளர் குகதாசன் அண்ணை கையெழுத்து வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.

“மாற்றுத்திறனாளியள் எங்கடை திட்டத்துக்குள்ள இல்லைப் பிள்ளை. வேறை நிறுவனங்கள் அந்தப் பிள்ளையைப் பாக்குது. நாங்களும் போனால் இரட்டிப்பாகும்,” என்றார்.

ஒரே ஆளுக்கு இரண்டு நிறுவனங்கள் உதவினால் அதற்கு எங்கள் உலகத்தில் இரட்டிப்பு என்று பெயர். கொலைக்கு அடுத்த குற்றம். மற்ற நிறுவனக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் தேன் ஒழுகப் பேசினார்கள். “வெள்ளிக்கிழமை கூட்டத்திலை சந்திக்கிறம்தானே, அங்கை கதைப்பம்” என்றார்கள். நானும் சரி, எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள், பிள்ளையை நேரில் கண்டால் யாராவது ஒருவர் பேனையை எடுப்பார் என்று நம்பினேன். பின்னேரம் இளையோர் ஒருவர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது டிலுசாவைக் கூப்பிட்டேன்.

“பொய்க்காலைப் போட்டுக்கொண்டு வாரும். படம் எடுப்பினம்,” என்றும் சொன்னேன். இதை நான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கூட்டத்தை நடத்தக் கொழும்பிலிருந்து சுரேகா என்று ஒருவர் வந்திருந்தார். நல்ல சிரிப்பு, கழுத்தில் கம்பளி மப்ளர், வெளியே கொளுத்துகிற வெயில். முதலில் எங்களை வட்டமாக நிறுத்தி ஒரு நூல்பந்தைக் கையில் தந்தார். பெயரையும் பிடித்த மிருகத்தையும் சொல்லிவிட்டு, நூலைப் பிடித்தபடி பந்தை இன்னொருவருக்கு எறியவேண்டும். முப்பத்தாறு வளர்ந்த ஆட்கள் ஆனை, குதிரை, சிங்கம் என்று சொல்லிச் சொல்லி எறிந்தோம். கடைசியில் நடுவில் ஒரு பெரிய நூல் சிக்கல். “பாருங்க, இதுதான் நமது வலையமைப்பு!” என்றார் சுரேகா. எல்லோரும் கைதட்டப் போய் நூலை விட்டுவிட்டோம். அது நிலத்தில் விழுந்தது.

தேநீருக்குப் பிறகு வெற்றிக் கதைகள். ஒவ்வொரு நிறுவனமும் திரையில் படம் போட்டு ஐந்து நிமிடம் பேசவேண்டும். வெற்றிக் கதைக்கு ஒரு வழமை இருக்கிறது. ஆளின் சொந்தப் பெயரைப் போடுவதில்லை. வேறு ஒரு பெயரைப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று எழுதிவிடுவோம். ஆளுக்குப் பாதுகாப்பு. எழுதுகிறவருக்கும் பாதுகாப்பு என்று அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

முதலில் தலைமைத்துவப் பயிற்சி கொடுக்கிற நிறுவனத்தின் மதுசன் எழும்பினான். திரையில் ஒரு பெண் ஒலிவாங்கியோடு நிற்கிறாள். பெயர் தாரகை, மாற்றப்பட்டுள்ளது. முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். காலை மங்கலாக்கவில்லை. இடது காலில் பொய்க்கால், அதன் கெண்டைப் பக்கத்தில் நீல நங்கூரம் போட்ட ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை எனக்குத் தெரியும். டிலுசாவின் மாமாவின் வள்ளத்துக்கு வாங்கியதில் மிஞ்சியது. எங்கள் பயிற்சியால் தாரகை இன்று தன் கிராமத்துப் பெண்களுக்கே வழிகாட்டி என்றான் மதுசன்.

இரண்டு கதை தள்ளி, உளசமூகப் பணி செய்கிற ஜெயரூபி அக்கா. திரையில் கடற்கரை, மங்கலான முகம், நீல நங்கூரம். பெயர் நிலானி. தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டு வந்தவளாம். ஜெயரூபி அக்காவின் குரல் தழுதழுத்தது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு டிலுசாவை நாலு வருடமாகத் தெரியும். அவள் ஆரையாவது கொல்ல நினைத்திருப்பாள், அதற்கு நியாயமும் இருக்கிறது. சாக நினைத்தவள் இல்லை.

பிறகு வாழ்வாதார நிறுவனத்தின் செந்தூரன் அண்ணா. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கயல்விழி. நங்கூரம் அதே இடத்தில்.

மதுசன் ஜெயரூபி அக்காவைப் பார்த்தான். அவர் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். செந்தூரன் அண்ணா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. மூன்று பேரும் வாய் திறக்கவில்லை. என்னடா மனிதர்கள் இவர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது சுரேகா என் பெயரைக் கூப்பிட்டார். நான் எழும்பிப் போய் என் படத்தைப் போட்டேன்.

மலர், பெயர் மாற்றப்பட்டுள்ளது. நீல நங்கூரம்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இது நாலு பேர் இல்லை, ஒரே பிள்ளை, இவளுக்கு இன்றைக்கு நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஒலிவாங்கியில் சொல்லியிருக்கலாம். படத்தைக் கண்டதும் எழும்பிய கைதட்டல், நான் எழுதிவந்ததை அப்படியே வாசிக்க வைத்தது. மலர் எங்கள் கணினி வகுப்பால் தன்னம்பிக்கை பெற்றாள் என்று வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுரேகா வெள்ளைத் தாளில் பச்சைப் பேனையால் ‘மாற்றுத்திறனாளி இளம்பெண்கள் - 4’ என்று எழுதி வட்டம் போட்டார்.

திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் டிலுசா இருந்தாள். இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பரந்தன் பஸ் முந்திக் கிடைத்ததால் பதினொரு மணிக்கே வந்துவிட்டாளாம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஊன்றுகோலை வெளியே வாசலில் சாத்தி வைத்திருந்தாள். அதையும் நான்தான் சொல்லியிருந்தேன், உள்ளே கொண்டுவரவேண்டாம் என்று.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் கதைத்தாள்.

“அக்கா, அந்த நாலு பெட்டையளிலை ஆருக்காவது கால் சரியாப் பொருந்துதோ?”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது படிவத்தோடு ஒவ்வொருவராகப் பிடித்தேன். செந்தூரன் அண்ணா கோழித்துண்டுகளை அடுக்கிக்கொண்டு டிலுசாவிடம் வந்தார்.

“எப்பிடித் தங்கச்சி, கோழியள் சுகமோ?”

“போன வருசமே கீரி பிடிச்சிட்டுது அண்ணா. உங்களுக்கு அப்பவே அறிவிச்சனாங்கள்.”

“ஓ...” என்றார். படிவத்தை நீட்டினேன். வாங்காமலே வாசித்தார். “கோழித் திட்டம் முடிஞ்சுதெல்லோ யது. இப்ப நான் வைச்சால் இரட்டிப்பெண்டு கேள்வி வரும். இது ஜெயரூபியாக்கள்ரை பகுதி.”

ஜெயரூபி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் கை பிடிக்கவேண்டும். “நாங்கள் மனசைத்தான் பாக்கிறது அம்மா. கால், கை எண்டு வந்தால் வேறை ஆக்கள். மதுசனைக் கேட்டனீரோ?”

மதுசன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “அவ உங்கடை ஆள்தானே அக்கா. இப்ப நீங்களே படம் போட்டனீங்கள். நீங்கள் வையுங்கோவன்.”

காலையில் நாலு பேராக இருந்தவள் மத்தியானம் ஒருவருக்கும் சொந்தமில்லாத ஆளாகிவிட்டாள். வெற்றி என்றால் எங்கள் பிள்ளை, கையெழுத்து என்றால் வேறு யாருடையவோ பிள்ளை. சீ என்று இருந்தது. தட்டில் இருந்த சோற்றைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

சுரேகாவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். “ரொம்ப முக்கியமான விஷயம், யதுர்ஷிகா. இந்த மாதிரி இடைவெளிக்குத்தான் வலையமைப்பு தேவை. ஒரு இணைந்த குழு அமைக்கணும்னு பரிந்துரையில் போட்டுடறேன்.”

“நாலு மணியோடை பதிவு முடியுது மிஸ்.”

“அதனால்தான் சொல்றேன், உடனே பரிந்துரையில் போடணும்.”

மூன்று மணிக்குக் குழு வேலை முடிந்தது. இளையோர் குரல் நிகழ்ச்சிக்கு நேரமில்லை, குழுப்படம் மட்டும் எடுப்போம் என்றார்கள். எல்லோரும் பதாகைக்கு முன்னால் வரிசை கட்டினோம். ‘கரம் கோர்ப்போம், அனுபவம் பகிர்வோம்.’ படம் எடுக்கிறவர் ஒவ்வொருவராகத் தள்ளி நிறுத்தினார்.

“தங்கச்சி நடுவுக்கு வாங்க,” என்று சுரேகா டிலுசாவைக் கூப்பிட்டார். “கொஞ்சம் பாவாடையைத் தூக்கிப் பிடிச்சீங்கன்னா நல்லா இருக்கும். கால் தெரியணும்.”

டிலுசா நொண்டி நொண்டி நடுவுக்கு வந்தாள். காலையிலிருந்து அந்தக் காலைப் போட்டிருக்கிறாள். வந்தவள் முன்வரிசையில் கிடந்த கதிரையில் அமர்ந்து, பாவாடையை முழங்கால்வரை சுருட்டினாள். பட்டியை அவிழ்த்தாள். பொய்க்காலை இழுத்துக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த உறையில் இரத்தமும் சீழும் ஊறிக் காய்ந்து ஒட்டியிருந்தது. தேநீருக்கு வைத்திருந்த மீன் ரோல்ஸ் மணத்துக்கு மேலால் புண் மணம் எழும்பியது. பின்வரிசையில் யாரோ கைலேஞ்சியை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். காலையில் நிலானியின் கதை கேட்டுக் கண்ணைத் துடைத்த அதே கைலேஞ்சியாகவும் இருக்கலாம்.

டிலுசா அந்தக் காலைச் சுரேகாவின் கையில் கொடுத்தாள்.

“இதைத்தானே படம் எடுக்கிறனீங்கள். இதை வைச்சு எடுங்கோ. நான் போறன்.”

அவள் கதிரைகளைப் பிடித்துப் பிடித்து ஒற்றைக்காலில் வாசலுக்குப் போனாள். நான் ஓடிப்போய் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தேன். “மன்னிச்சுக்கொள்ளும்” என்று சொல்ல வாய் எடுத்தேன்.

“நேரத்தைப் பாருங்கோ அக்கா,” என்றாள்.

மூன்று இருபது. ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கரடிப்போக்குப் பக்கம் விட்டேன். பழைய நெற்களஞ்சியம் ஒன்றில்தான் அளவெடுப்பு. போகிற வழியெல்லாம் மனதுக்குள் பொய் தயாரித்தேன். பணிப்பாளர் வெளியூர், முத்திரை திங்கட்கிழமை வரும், இன்றைக்கு மட்டும் பதிந்துகொள்ளுங்கோ. ஏழு வருடப் பழக்கம். இந்தப் பொய்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பதிவு மேசையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். நான் படிவத்தைக் கொடுத்துக்கொண்டே ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நிறுவனம் என்னத்துக்குப் பிள்ளை?”

“பொறுப்பெடுக்க...”

“இதை வாசிக்கேல்லையே?” படிவத்தைத் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். பொறுப்பேற்பவர் என்பதன் கீழ் இரண்டு பெட்டிகள் இருந்தன. முதலாவது, உறவினர் அல்லது அயலவர் அல்லது நண்பர். இரண்டாவது, நிறுவனம். “தாய் வைச்சாலும் சரி, பக்கத்து வீட்டு ஆள் வைச்சாலும் சரி. ஒரு ஆள் காணும். முக்காவாசிப் பேருக்குத் தாய் தேப்பன்தான் வைச்சிருக்கினம்.”

இரண்டாவது பெட்டியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். குகதாசன் அண்ணையும் அதைத்தான் பார்த்தார். மத்தியானம் செந்தூரன் அண்ணாவும், ஜெயரூபி அக்காவும், கொழும்பிலிருந்து வந்த சுரேகாவும் அதே தாளைப் பார்த்தார்கள். முதலாவது பெட்டி ஒருவர் கண்ணிலும் படவில்லை. டிலுசாவின் கையிலேயே படிவத்தை விட்டிருந்தால் சூசையம்மா கருவாட்டுக் கையைத் துடைத்துவிட்டு அன்றைக்கே வைத்திருப்பார்.

நான் முதலாவது பெட்டியில் கையெழுத்து வைத்தேன். எழுதி முடிக்க நாலு விநாடி எடுத்திருக்காது. மேசைக்காரப் பெண் கொப்பியைப் பார்த்து இலக்கம் போட்டார்.

“நாப்பத்தேழு. இந்தமுறை நாப்பது பேருக்குத்தான் சாமான் கொண்டந்தவை. மிச்ச ஆக்களுக்கு அடுத்த வருகையிலை. ஆறு மாசம் செல்லும்.”

“நாப்பது எப்ப நிரம்பினது?” என்று டிலுசா கேட்டாள்.

“போன புதன்கிழமை பிள்ளை.”

டிலுசா என்னைப் பார்க்கவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும், அதுகூட எனக்குக் கிடைக்கக்கூடாது. என்னை நினைக்க எனக்கே அருவருத்தது. அவர்கள் மூன்று பேரும் கையெழுத்து வைக்காமல் விட்டவர்கள். வைக்கக்கூடியவர்களின் கையிலிருந்து அந்தத் தாளைப் பறித்து மூன்று கிழமை பூட்டி வைத்திருந்தவள் நான்.

வெளியே வேப்பமரத்துக்குக் கீழே வாங்கில் அவளை இருத்தினேன்.

“அக்கா, அந்தக் காலை எடுத்துக்கொண்டு வந்து தாங்கோ.”

“எந்தக் கால்?”

“அங்கை குடுத்திட்டு வந்தது. ஒண்டாந் திகதி வவுனியாவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகவேணும்.”

“புண்ணோடையோ? நிக்க ஏலாதெல்லோ டிலுசா.”

“அப்ப வேறை என்னத்தோடை போறது?” என்றாள்.

திரும்ப மண்டபத்துக்குப் போனபோது நாலரை ஆகிவிட்டது. வாகனங்கள் எல்லாம் போய்விட்டன. பதாகையை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஞானேஸ்வரி அக்கா என்று அங்கே கூட்டித் துடைக்கிறவர் மட்டும் நின்றார். காலையில் எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்தவரும் அவர்தான். தேநீர் மேசையை முழுக்கத் துடைத்திருந்தார், ஓரிடத்தைத் தவிர. அந்த இடத்தில் பழைய பேப்பர் விரித்து டிலுசாவின் பொய்க்காலைப் படுக்க வைத்திருந்தார். உறையைக் கழுவிக் கதிரை முதுகில் காயப் போட்டிருந்தார். பக்கத்தில் காலையில் எறிந்து விளையாடிய நூல், சிக்கலோடு அள்ளி வைத்திருந்தது.

என் துணிப்பைக்குள் காலை வைத்துப் பார்த்தேன். பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஞானேஸ்வரி அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்.

“ஆரும் எடுக்க வருவினமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் பிள்ளை. போகேக்கை நாலு பேரை மறிச்சுக் கேட்டுப் பாத்தன். நாலு பேரும் வடிவாத் திருப்பித் திருப்பிப் பாத்தவை. எங்கடை இல்லை, எங்கடை இல்லையெண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். இது ஆரின்ரை?”

என்னுடையது என்று சொல்ல வாய் வந்தது. அதுவும் இன்னொரு வெற்றிக் கதையாகப் போயிருக்கும்.

“டிலுசா எண்ட பிள்ளையின்ரை,” என்றேன்.